மிலானிலிருந்து நாப்போலி வரை: எஸ்போசிட்டோ என்ற குடும்பப்பெயர்

நவம்பர் 11, திங்கள் – மிலான்

இத்தாலியில் அடுக்குமாடிக் கட்டடங்களின் தெருவாசலில் உள்ளிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் எழுதியிருப்பது அரிது. பித்தளைத் தகட்டில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் அந்த வீட்டாரின் குடும்பப்பெயர் மட்டும் எழுதியிருக்கும். யாரைப் பார்க்க வந்தோமோ அவருடைய குடும்பப்பெயர் தெரியாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர், 'கொலொம்போ என்ற பொத்தானை அழுத்துங்கள்' என்று செய்தி அனுப்பியிருந்தார். தகட்டில் கொலொம்போக்கள் மூவர் இருந்தார்கள். முதல் பொத்தானுக்குப் பதில் சொன்ன முதியவர் சற்றும் சலித்துக்கொள்ளாமல், நாங்கள் தேடுவது நான்காம் மாடிக் கொலொம்போவாக இருக்கும் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

"மூவரும் உறவுக்காரர்களா, இல்லை கொழும்பிலிருந்து வந்தவர்களா?" என்று அக்கா கேட்டாள். இரண்டுமில்லை. இலங்கையின் கொழும்பு நகரின் பெயருக்கும் இந்தப் பெயருக்கும் எழுத்தொற்றுமையைத் தவிர வேறு உறவு கிடையாது. இத்தாலிய மொழியில் கொலொம்போ என்பது புறா. மிலானில் அந்தப் பறவையின் பெயர் இத்தனை வீட்டு வாசல்களில் இருப்பதற்கு ஒரு மருத்துவமனை காரணம். இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பியவை கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பெயர் சூட்டிய பழைய நிறுவனங்கள்தாம். வந்து இறங்கிய வாசலிலேயே அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டுவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய் – மிலான்

காலை முழுவதும் தூறல். முனைக்கடையில் நின்றபடி குடித்த காப்பி 1.40 யூரோ, அதையே மேசையில் அமர்ந்து குடித்திருந்தால் ஏறக்குறைய இரு மடங்கு ஆகியிருக்கும் என்பதை விலைப்பட்டியல் தெளிவாகவே சொல்லியிருந்தது. மிலானில் யாரும் அமர்வதில்லை. இரண்டு மிடறில் குடித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

1456-இல் மிலானின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா தொடங்கிவைத்த பெரிய மருத்துவமனையின் கட்டடம் இப்போது பல்கலைக்கழகமாக இருக்கிறது. ஊரார் அதைக் 'கா கிராண்டா', அதாவது பெரிய வீடு, என்றே அழைக்கிறார்கள். செங்கல் நிறச் சுவர், சுடுமண் அலங்காரங்கள், நடுவே மிகப் பெரிய முற்றம். வளைவுகளின் கீழ் மாணவர்கள் ரொட்டியைக் கடித்தபடி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மருத்துவமனையின் சின்னம் புறா. பெற்றோர் யாரென்று தெரியாமல் இதன் பொறுப்பில் வந்துசேர்ந்த குழந்தைகளுக்கு, நிறுவனத்தின் சின்னத்தையே குடும்பப்பெயராக எழுதிவிட்டார்கள். 1825 வரை இந்த வழக்கம் நீடித்தது. அதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பெயர் புனையத் தொடங்கினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கொலொம்போ என்ற பெயருள்ள எல்லோரும் கைவிடப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அல்லர். புறா வளர்த்தவருக்கும் அந்தப் பெயர் வந்திருக்கலாம். கொலொம்போ ஓர் ஆண்பெயராகவும் வழங்கியிருக்கிறது. நாம் கொலம்பஸ் என்று சொல்லும் கடலோடி ஜெனோவாவில் கம்பளி நெய்த தொமேனிக்கோ கொலொம்போவின் மகன். மிலான் மருத்துவமனைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. இத்தாலியக் குடும்பப்பெயர்களின் வேரைச் சொல்லும் அகராதிகள் ஒரு பெயருக்கு இரண்டு மூன்று பிறப்பிடங்களைத் தருவதும், சுற்றுலாக் கதைகள் அவற்றில் உருக்கமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதும் வழக்கம்.

மதியம் குங்குமப்பூ போட்ட ரிசொத்தோ, 15 யூரோ. அரிசி சரியாக வேகவில்லை என்று அக்கா முடிவுகட்டினாள். இங்கே அதுதான் பக்குவம் என்று பரிமாறியவர் மிகுந்த பொறுமையோடு விளக்கினார். அக்கா ஏற்கவில்லை.

நவம்பர் 13, புதன் – புளோரன்ஸ்

மிலானில் சின்னம் பெயரானது. புளோரன்ஸில் நிறுவனத்தின் பெயரே பிள்ளையின் பெயரானது. பட்டு வணிகர் சங்கத்தின் பொருளுதவியில், 1419-இல் புருனெல்லெஸ்கி வடிவமைத்துத் தொடங்கிய குழந்தைக் காப்பகத்துக்கு 'இன்னொசெந்தி' என்று பெயர். ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன பெத்லகேம் மாசிலாக் குழந்தைகளை நினைவூட்டும் சொல் அது. இங்கே வளர்ந்தவர்கள் இன்னொசெந்தி, தெல்இன்னொசெந்தி, நொசெந்தீனி என்ற பெயர்களோடு வெளியே போனார்கள். புளோரன்ஸின் அழைப்புமணித் தகடுகளில் இன்றும் இவை மிகுதி.

காப்பகம் 1445 ஜனவரியில் திறக்கப்பட்டது. பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் அவளுக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். அவளை வைத்துப் போனவருக்குக் கதவு எங்கே என்று தெரிந்திருந்தது. பதிவேடு எழுதியவருக்குத் தேதி தெரிந்திருந்தது. ஆகத்தா என்ற பெயர் வந்தது அந்தத் தேதியிலிருந்துதான். முகப்பு வளைவுகளுக்கிடையே நீலப் பின்னணியில், துணி சுற்றிய குழந்தைகளின் வட்டச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆந்த்ரேயா தெல்லா ரொப்பியா செய்த மெருகிட்ட சுடுமண் வேலை. மண்டபத்தின் இடப்பக்கக் கோடியில் கம்பி போட்ட ஒரு சிறிய சாளரம். அதன் இடைவெளி, தலை சிறுத்த பச்சிளங்குழந்தை மட்டுமே உள்ளே போகும் அளவில் வைக்கப்பட்டிருந்தது. 1875-இல் அதை மூடினார்கள்.

உள்ளே அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்கச் சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையின் பெயர். இழுத்தால் அந்தக் குழந்தையோடு வந்த அடையாளப் பொருள். பாதியாக வெட்டிய பதக்கம், கிழிந்த நாடா, பாசிமணி. மறுபாதியைத் தாய் வைத்திருப்பாள். நிலைமை சீரானதும் வந்து காட்டிப் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஏற்பாடு. அங்கே இழுப்பறைகளுக்குள் கிடப்பவை கேட்க யாரும் வராத பாதிகள். குழந்தைகளை விட்டுப்போனவர்கள் மணமாகாத பெண்கள் மட்டுமல்லர். பஞ்ச காலத்தில் மணமான ஏழைத் தம்பதியரும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வந்த குழந்தைகளில் மிகப் பலர், கிராமத்துச் செவிலித்தாயரிடம் அனுப்பப்பட்ட நிலையிலோ அதற்கும் முன்போ, இறந்துபோனார்கள். பெயர் பரம்பரையாக நிலைக்க வேண்டுமானால் முதலில் பெயருக்குரியவர் பிழைத்திருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை நினைவிருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1947-இல் மிலானின் லாம்பிராத்தே பகுதியில் அதை உற்பத்தி செய்யத் தொடங்கிய தொழிலதிபரின் பெயர் ஃபெர்தினாந்தோ இன்னொசெந்தி. அவர் தஸ்கனியின் பேஷா என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய முன்னோரைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. பெயர் மட்டும் ஒன்று.

இரவு ரிபொல்லீத்தா: பழைய ரொட்டி, கருங்கோசு, வெள்ளைப் பயறு சேர்த்து மீண்டும் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. 9 யூரோ. குளிருக்கு இதைவிட நல்லது எதுவும் இருக்க முடியாது. மேசைத் துணிக்கும் ரொட்டிக்குமாகத் தலைக்கு 2.50 யூரோ தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். தொடாத ரொட்டிக்கும் பணம் கட்டுவதில் அக்காவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நவம்பர் 14, வியாழன் – சியனா

பேருந்தில் போய் மாலையே திரும்பிவிட்டோம். பெருங்கோயிலின் படிக்கட்டுக்கு எதிரே நிற்பதால் 'ஸ்காலா', அதாவது படி, என்று பெயர்பெற்ற சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனைதான் இங்கே பார்க்க வேண்டியது. இதன் பிள்ளைகள் ஸ்காலா, தெல்லா ஸ்காலா என்ற பெயர்களைச் சுமந்தார்கள். யாத்திரிகர் கூடத்தின் சுவரில் தொமேனிக்கோ தி பார்த்தோலோ 1440-களில் தீட்டிய ஓவியம் ஒன்று, குழந்தையை ஏற்பது முதல் வளர்ந்த பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது வரை எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் காட்டுகிறது. நிறுவனம் தன் பெருமையைத் தானே வரைந்துகொண்ட படம் என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். ஓவியத்தில் எந்தக் குழந்தையும் மெலிந்திருக்கவில்லை.

மலையூர்க் காற்று என் குடையை உள்வெளியாகத் திருப்பிக் கம்பிகளை முறித்தது. புதிய குடை 8 யூரோ. விற்றவர் மழை நின்றபின் 5 யூரோவுக்குக் கூவிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15, வெள்ளி – ரோம் நோக்கி

ரயில் வேலைநிறுத்தம். வெள்ளிக்கிழமைகளில் இது புதிதல்ல என்று நிலையத்தில் இருந்தவர்கள் சொன்ன தொனி, வானிலையைப் பற்றிச் சொல்வதைப்போல இருந்தது. அறிவிப்புப் பலகையில் வண்டிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. எங்கள் பெட்டிகளின் அருகில் அமர்ந்திருந்த நடுவயதுப் பெண் தன் ஆரஞ்சுகளில் இரண்டை எங்களிடம் கொடுத்துவிட்டு, எந்த வண்டி கட்டாயம் ஓடும் என்ற சட்டப்பட்டியலைத் தன் கைப்பேசியில் தேடிக் காட்டினார். மாலை மங்கிய பிறகுதான் ஏற முடிந்தது. பாதித் தூரம் நின்றுகொண்டே வந்தோம். வேறு எதுவும் எழுதும் நிலையில் இல்லை.

நவம்பர் 16, சனி – ரோம்

தைபர் ஆற்றின் கரையில், வத்திக்கானுக்கு வெகு அருகில், சாந்தோ ஸ்பிரிதோ மருத்துவமனை. போப் மூன்றாம் இன்னொசென்ட் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்த இடத்தில் மருத்துவமனை நிறுவப்பட்டது. மீனவர்களின் வலையில் இறந்த சிசுக்கள் சிக்குவதாகப் போப் கனவு கண்டு கட்டினார் என்பது மரபுக்கதை. போர்கோ சாந்தோ ஸ்பிரிதோ தெருவின் சுவரில், கம்பிக்கூண்டுக்குப் பின்னால், குழந்தைகளை வைத்த இடம் இன்றும் இருக்கிறது. புனித பேதுரு சதுக்கத்துக்கு விரையும் கூட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரோமின் பெயர் 'புரோயெத்தி'. எறியப்பட்டவர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பதிவேட்டு எழுத்தர் லத்தீனில் குறித்த வகைச்சொல்லே குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. மிலானின் புறாவிலும் புளோரன்ஸின் மாசின்மையிலும் இருந்த மறைப்பு இதில் துளியும் இல்லை. ஆனால் ரோமில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் முகம் மலர்ந்து, 2020-இல் தம் 80-ஆவது பிறந்தநாளிலேயே மறைந்த நகைச்சுவை நடிகர் ஜிஜி புரோயெத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காப்பிக்கடைக்காரர் ஒருவர் அவர் குரலில் ஏதோ நடித்துக் காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை, கடையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள்.

பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா 12 யூரோ. மிளகை இவ்வளவு தாராளமாகப் போட்ட உணவு இந்தப் பயணத்தில் இதுதான் முதல். அக்கா தட்டைத் துடைத்து வைத்தாள்.

நவம்பர் 17, ஞாயிறு – நாப்போலி

ரோமில் விட்டுவந்த குளிர் இங்கே இல்லை. தெற்கிலிருந்து வீசும் ஈரமான சிரோக்கோ காற்றில் துணியெல்லாம் பிசுபிசுத்தது. காப்பி 1.20 யூரோ, அதற்கு முன்னால் கேட்காமலேயே ஒரு சிறு குவளைத் தண்ணீர் வைக்கிறார்கள், வாயைக் கழுவிக்கொண்டு காப்பியை ருசிக்க வேண்டுமாம். மாடியிலிருந்து ஒரு பாட்டி கயிற்றில் கூடையை இறக்க, கீழே கடைப்பையன் ரொட்டியை வைத்துச் சில்லறையை எடுத்துக்கொண்டான்.

இங்கே நாங்கள் அழுத்திய பொத்தானின் பெயர் எஸ்போசிட்டோ. ஸ், போ இரண்டையும் ஊன்றி, 'போ'வில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரம்மாள் கதவைத் திறந்ததுமே திருத்தினார். நாப்போலியில் இதைவிட அதிகமானோர் சுமக்கும் குடும்பப்பெயர் கிடையாது. இத்தாலி முழுவதற்குமான பட்டியலிலும் இது முதல் பத்துக்குள் வருகிறது. வெளியே வைக்கப்பட்டவர் என்ற பொருளுள்ள 'எக்ஸ்போசித்துஸ்' என்ற லத்தீன் சொல்தான் மூலம். எஸ்போஸ்தி, தெலி எஸ்போஸ்தி, ஸ்போசிட்டோ ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஸ்பானிய உலகத்தில் எக்ஸ்போசித்தோ.

இரவு மார்கரீட்டா பீட்சா, 6 யூரோ. 1889-இல் மார்கரீட்டா அரசிக்குத் தக்காளியும் மொஸரெல்லாவும் துளசியினத்து இலையும் வைத்து இதைச் செய்துகொடுத்ததாகச் சொல்லப்படுபவர் ரஃபயேலே எஸ்போசிட்டோ. கதையின் ஆதாரங்களை வரலாற்றாசிரியர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பீட்சாவின் மேல் யாருக்கும் புகார் இல்லை.

நவம்பர் 18, திங்கள் – நாப்போலி, அன்னுன்சியாத்தா

ஃபொர்செல்லா பகுதியின் நெருக்கமான தெருக்கள் வழியே நடந்தபோது, முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி அக்காவின் தோளைத் தட்டிக் கைப்பையை முன்பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, தானே திருப்பியும் விட்டார். அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்ததில், தேடிவந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டிருந்தோம்.

சாந்தா காசா தெல் அன்னுன்சியாத்தா 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அறநிலையம். கோயில், மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் என்று விரிந்து, 1587-இல் ஒரு வங்கியையும் திறந்தது. அந்த வங்கி 1702-இல் நொடித்துப்போனது. கோயில் 1757-இல் தீயில் அழிய, லுயிஜி வன்வித்தெல்லி மீண்டும் கட்டத் தொடங்கி, அவர் மகன் கார்லோ 1782-இல் முடித்தார். இத்தனை பெரிய நிறுவனத்தில் மக்கள் இன்று பார்க்க வருவது சுவரிலுள்ள ஒரு துளையை.

தெருப்பக்கத்தில் கல் சட்டத்துக்குள் துளை. அதற்குப் பின்னால் செங்குத்து அச்சில் சுழலும் மர உருளை. அதை 'ருவோத்தா', அதாவது சக்கரம், என்கிறார்கள். குழந்தையை வெளியிலிருந்து வைத்து உருளையைத் திருப்பினால், வைத்தவர் முகம் உள்ளிருப்பவருக்குத் தெரியாமல் குழந்தை மட்டும் உள்ளே போய்விடும். மணி ஒலித்ததும் எடுப்பதற்கு இரவும் பகலும் ஒரு பெண் இருப்பார். குழந்தையைக் கழுவிய கல்தொட்டியும் அந்த அறையிலேயே இருக்கிறது. வந்த நேரம், தோராயமான வயது, உடுத்தியிருந்த துணி, கூடவே கிடந்த பொருள் ஆகியவற்றை எழுதி, கழுத்தில் ஈயப் பதக்கம் ஒன்றை மாட்டுவார்கள். 1623 ஜனவரி 1 அன்று பதிவான, ஏறத்தாழ இரண்டு வயதுள்ள ஃபாப்ரித்ஸியோ, இந்த ஏடுகளில் எஸ்போசிட்டோ என்று அறியப்படும் முதல் குழந்தை. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்கும். குடும்பத்தின் பெயரை எழுத்தர்தான் கொடுத்திருக்க வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளையும் எண்ணெய் தடவித் துளைக்குள் திணித்தார்கள் என்ற கதையை, எங்களைச் சுற்றிக் காட்டிய இளைஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த நாடகத்தைவிட அவர் அடுத்துப் போகிறபோக்கில் சொன்ன செய்தி முக்கியமாகப் பட்டது: இங்கு வளர்ந்தவர்களை ஊரார் 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தார்களாம். ஏட்டில் வெளியே வைக்கப்பட்டவர், தெருவில் மாதாவின் பிள்ளை. ஊர் பேச்சில் எதைச் சொன்னாலும், சான்றிதழிலும் திருமணப் பதிவிலும் ஏறியது எழுத்தரின் சொல்தான்.

நெப்போலியனின் மைத்துனர் ஜொவாக்கிம் முரா 1808 முதல் 1815 வரை நாப்போலியின் மன்னராயிருந்தபோது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் குடும்பப்பெயரை இடுவதைத் தடைசெய்தார். பெயரே ஒருவரின் பிறப்பைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது காரணம். அதன்பின் அலுவலர்கள் குழந்தைக்குக் குழந்தை வெவ்வேறு பெயர்களைப் புனைந்தார்கள். சக்கரம் 1875-இல் மூடப்பட்டது. ஆனால் தடைக்கு முன்பே பெயர் வாங்கியவர்கள் மணந்து, பெற்று, பெருகியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகளும், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பு நிலையைச் சுட்டும் பெயரை இடக்கூடாது என்றும், ஊரில் எல்லோரும் அறிந்த பெருங்குடும்பத்தின் பெயரையும் வைக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. இழிவும் வேண்டாம், இரவல் பெருமையும் வேண்டாம் என்ற அந்த இரண்டாவது எச்சரிக்கை இத்தாலியர்களுக்கே உரிய நடைமுறை ஞானம் என்று எனக்குத் தோன்றியது.

மழை வலுத்ததால் ஸ்ஃபோல்யாத்தெல்லா கடையில் ஒதுங்கினோம். அடுக்கடுக்கான மாவுக்குள் இனிப்புப் பாலாடை, சூடாக, 2.50 யூரோ. கடைக்காரரும் எஸ்போசிட்டோவாம். தம் முன்னோர் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்த பிரபுக்கள் என்று மிக உறுதியாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை, சூடான பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் மறுக்க மாட்டார்கள்.

நவம்பர் 19, செவ்வாய் – நாப்போலி

விமானம் மாலையில்தான். கால்வலியால் எங்கும் போகாமல் வீட்டுக்காரம்மாளின் சமையலறையில் அமர்ந்திருந்தோம். இரும்புக் கட்டில் கிறீச்சிட்டதா, குளியலறையில் வெந்நீர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டே, எங்கள் பெயர்களில் குடும்பப்பெயர் எது என்று கேட்டார். கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது எங்கள் அப்பாவின் பெயர், அவருக்கு அந்தக் கட்டத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது என்று அக்கா விளக்கினாள். "அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் அழிந்துவிடுமா?" என்று அவர் வியந்தார்.

அவர் எஸ்போசிட்டோவாகப் பிறந்தவர். இத்தாலியில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே ஆவணங்களில் வைத்துக்கொள்வதால், வாசல் தகட்டில் அவருடைய பெயரும் கணவரின் பெயரும் தனித்தனியாக இருந்தன. பள்ளியில் வகுப்புக்குப் பல எஸ்போசிட்டோக்கள் என்பதால் ஆசிரியைகள் அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் அழைத்ததே இல்லை என்றார். பொருள் தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது என்பதுபோலக் கையை வீசினார். அவருடைய கொள்ளுத்தாத்தா எந்த வழியில் வந்தவர் என்பதை அவர் தேடிப் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. வழிகாட்டிகள் இந்தப் பெயரைச் சொல்லும்போது தாழ்த்தும் குரல், அதைச் சுமப்பவர்களிடம் இல்லை.

அவருக்குக் கவலை தந்தது வேறு. அவருடைய தம்பியின் மகளுக்குச் சென்ற ஆண்டு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தந்தையின் பெயர் மட்டும் தானாகவே பிள்ளைக்குப் போகும் விதியை 2022-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்துவிட்டதால், இப்போது இருவர் பெயரையும் பெற்றோர் விரும்பிய வரிசையில் வைக்கலாம், ஒப்புக்கொண்டால் ஒன்றை மட்டும் வைக்கலாம். எஸ்போசிட்டோ ஊரில் மலிந்து கிடக்கிறது, குழந்தைக்கு அது எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். இரண்டு வாரம் தொலைபேசிச் சண்டை. இறுதியில் இரண்டையும் வைத்தார்கள், எஸ்போசிட்டோவை முன்னால். பதிவு அலுவலகத்தின் சான்றிதழைக் கைப்பேசியில் பெரிதாக்கி எங்களுக்குக் காட்டிவிட்டு, டாக்ஸிக்காரர் விமான நிலையத்துக்கு 25 யூரோவுக்கு மேல் கேட்டால் தன்னைக் கூப்பிடச் சொன்னார்.